கனாரா அருவி: ஓடைக்குள்ளேயே நடந்து போக ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், ஐ-15 நெடுஞ்சாலையை ஒட்டி கனாராவில் (Kanarraville) என்றொரு சிற்றூர் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் ஊர். ஊருக்குக் கிழக்கே சுவர் மாதிரி நிற்கும் சிவப்பு மலையைப் பிளந்துகொண்டு கனாரா ஓடை இறங்கி வருகிறது. அந்த ஓடையில் கால் வைத்து, தண்ணீர் வரும் திசையை நோக்கி நடந்தால், ஓரிடத்தில் இரண்டு பக்கப் பாறையும் நெருங்கி வந்து வானம் ஒரு கீற்றாகிவிடும். அந்த இடுக்குக்குள்தான் முதல் அருவி. அதன் பக்கத்தில் சாத்தியிருக்கும் ஏணியில் ஏறிப் போனால் மேலே இரண்டாவது அருவி.

லாஸ் வேகஸில் இறங்கி ஜயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள் என்று சுற்றப் போகும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த ஊரைப் பார்க்காமலே கடந்து போகிறார்கள். ஓர் அரை நாள் ஒதுக்க முடியும் என்றால் இங்கே இறங்குங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் சும்மா போய் இறங்கிவிட முடியாது. பெர்மிட் வேண்டும், சரியான செருப்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் சரியான நாள் வேண்டும். நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் பயணத்தில் பாதி வேலை. அதனால் அதைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாக எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்று. அருவியின் உயரத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு அருவிகளுமே ஐந்தாறு மீட்டர் அளவுதான். குற்றாலத்து மெயின் அருவிக்குக் கீழே நின்று குளித்தவர்களுக்கு இது சின்ன வாய்க்கால் விழுவது போலத் தோன்றலாம். இங்கே பார்க்க வேண்டியது அருவி விழும் இடம். அதைவிட, அங்கே போய்ச் சேரும் வழி. காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர், தலைக்கு மேலே எழும் செம்பாறை, சுவரில் பட்டுப் பட்டு இறங்கி வரும் வெளிச்சம். இதை நிதானமாக அனுபவிக்க நேரம் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் இந்த இடம் முழுசாகக் கிடைக்கும்.

இடுக்கு எப்படி உண்டாகிறது

இந்த மாதிரிப் பள்ளத்தாக்கை ஸ்லாட் கேன்யன் என்பார்கள். அகலம் குறைவு, ஆழம் அதிகம். மணற்கல்லில் ஒரு வெடிப்பு இருக்கும். மழை வெள்ளம் அதற்குள் புகும். வெள்ளம் வெறும் தண்ணீராக வருவதில்லை. மணலும் கல்லும் மரக்கட்டையும் கலந்து வந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலப் பாறையைத் தேய்க்கிறது. பக்கவாட்டில் அரிப்பதைவிடக் கீழ்நோக்கி அரிப்பது வேகமாக நடப்பதால் அகலம் கூடாமல் ஆழம் மட்டும் கூடுகிறது. வளைந்து வளைந்து போகும் அந்த வழவழப்பான சுவர்களைச் செதுக்கியது முழுக்க வெள்ளம்தான்.

இதை நடப்பதற்கு முன் மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. அந்த வெள்ளம் பழைய கதை அல்ல, இன்றும் வருகிறது. இடுக்குக்குள் போனதும் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், சுவருக்குச் சுவர் செருகிக்கொண்டு கிடக்கும் மரக்கட்டைகளைப் பாருங்கள். யாரும் கொண்டுபோய் அங்கே வைக்கவில்லை. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது.

எந்த மாதம், எந்த நாள்

குளிர்காலத்தில் ஓடையும் ஏணியும் உறைபனி படிந்து கிடக்கும். அதற்கென்று தனிக் கருவிகளும் பழக்கமும் உள்ளவர்களுக்கு மட்டும் அது சரி. ஏப்ரல், மே மாதங்களில் மேலே மலையில் பனி உருகி ஓடையில் நீர்வரத்து கூடும். தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும் குளிரில் இருக்கும். ஜூன் மாதம் நல்ல காலம். மழை குறைவு, பகல் நீளம். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை இந்தப் பக்கத்தில் பருவமழைக் காலம். இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும் மறுபடி நல்ல நாட்கள். என்னைக் கேட்டால் ஜூன், இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசி.

பருவமழைக் காலத்தில் போகவே கூடாது என்பதில்லை. ஆனால் அப்போது வானிலை பார்ப்பது சடங்குக்காக இருக்கக் கூடாது. நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. மேலே, ஓடைக்குத் தண்ணீர் சேர்ந்து வரும் மலையில் பெய்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தப் பாறை நிலம் தண்ணீரைக் குடிப்பதில்லை. பெய்தது அத்தனையும் உருண்டு ஓடைக்கு வந்துவிடும். விரிந்த நிலத்தில் முழங்கால் அளவு ஓடும் வெள்ளம், இரண்டு ஆள் அகல இடுக்குக்குள் வரும்போது ஆளுக்கு மேல் ஏறிவிடும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் கீழ் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தது இப்படித்தான். அவர்கள் நின்ற இடத்தில் மழை பெரிதாக இல்லை. பல மைல் தள்ளி மேலே பெய்த மழை காட்டாறாக வந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று ஜயான் தேசியப் பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் 7 பேர் இறந்தார்கள். ஜயான் இங்கிருந்து பக்கம்தான்; பூங்காவின் கோலோப் பகுதி கனாராவில் ஊருக்குச் சில மைல் தெற்கே இருக்கிறது. நமக்கும் இது தெரியாத விஷயம் அல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மலைமேல் பெய்தால் கீழே என்ன ஆகும் என்று மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்து ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவை அப்படியே யூட்டாவுக்கும் கொண்டு போங்கள்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? அமெரிக்க தேசிய வானிலைச் சேவை, ஜயான் உட்பட இந்த வட்டாரத்துப் பூங்காக்களுக்குத் தினமும் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் வெளியிடுகிறது: எதிர்பார்க்கவில்லை, வரலாம், வர வாய்ப்பு அதிகம், வரும். முதல் படியாக இருந்தால் போங்கள். இரண்டாம் படி என்றால், காலையில் முதல் ஆளாக இறங்கி மதியத்துக்குள் வெளியே வந்துவிடும் திட்டம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். சிறு பிள்ளைகளோடு வந்திருந்தால் அதுவும் வேண்டாம். மூன்றும் நான்கும் என்றால் பேச்சே இல்லை. முந்தின நாள் ராத்திரி பார்த்தது போதாது. காலையில் கிளம்பும் முன் மறுபடி பாருங்கள், ரேடாரையும் பாருங்கள். பெர்மிட்டுக்குக் கட்டிய பணம் போகிறதே என்று யாரும் ஓடைக்குள் இறங்கக் கூடாது.

உள்ளே இருக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை: தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்குவது, சுள்ளியும் சருகும் மிதந்து வருவது, நீர்மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது, மேலிருந்து ரயில் வருவது போன்ற இரைச்சல், இடிச் சத்தம். இதில் எது ஒன்று நடந்தாலும் அப்போதே மேட்டுக்கு ஏறுங்கள். பையை எடுக்கப் போகாதீர்கள், படம் பிடிக்க நிற்காதீர்கள். வெளியே போகும் வாசல் தூரத்தில் இருந்தால் அதை நோக்கி ஓடுவதைவிடப் பக்கத்தில் உள்ள உயரமான திட்டில் ஏறி நிற்பது மேல். அதனால் போகும்போதே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவு தாண்டியதும், இங்கே வெள்ளம் வந்தால் எங்கே ஏறுவது என்று ஒரு நொடி சுற்றிப் பாருங்கள். பிள்ளைகளிடம் இதையே விளையாட்டாகக் கேட்டுக்கொண்டே போகலாம். அவர்கள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

பெர்மிட்

இந்த ஓடை ஊருக்குக் குடிநீர் தரும் ஓடை. ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இருந்தது. இணையத்தில் படங்கள் பரவியதும் கூட்டம் தாங்க முடியாமல் போய், ஊர் நிர்வாகம் நபருக்கு இத்தனை என்று கட்டணம் வைத்து, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும் வைத்தது. பெர்மிட்டை ஊரின் இணையதளத்தில் முன்கூட்டியே, தேதி குறிப்பிட்டு வாங்க வேண்டும். கட்டணமும் வரம்பும் அவ்வப்போது மாறுகின்றன, அதனால் பழைய பயணக் குறிப்புகளில் உள்ள தொகையை நம்பாமல் அந்தத் தளத்திலேயே பாருங்கள். கோடை விடுமுறை வாரக்கடைசிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முடிந்தால் வார நாளில் போங்கள். ஏணியில் ஏறக் காத்து நிற்கும் வரிசையே இருக்காது.

வாங்கிய பெர்மிட்டைத் திரைப்பிடிப்பு எடுத்தோ அச்சிட்டோ வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கேட்பார்கள். உள்ளே சிக்னல் கிடையாது. ஏணி வெள்ளத்தில் அடித்துப் போயிருந்தாலும், பாதை மூடியிருந்தாலும் அதே தளத்தில்தான் அறிவிப்பு வரும். கிளம்பும் முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போய்ச் சேர்வது

லாஸ் வேகஸிலிருந்து ஐ-15 வடக்கே பிடித்தால் இரண்டரை மணி நேரப் பயணம். நெவாடாவில் பசிபிக் நேரம், யூட்டாவில் மலை நேரம். எல்லை தாண்டியதும் ஒரு மணி நேரம் போய்விடும். காலை ஏழு மணிக்கு ஓடையில் இருக்க வேண்டும் என்றால் வேகஸில் அதிகாலை மூன்றரைக்கே கிளம்ப வேண்டியிருக்கும். அதைவிட முந்தின ராத்திரி செயின்ட் ஜார்ஜிலோ சீடர் சிட்டியிலோ தங்குவது நல்லது. செயின்ட் ஜார்ஜிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள், சீடர் சிட்டியிலிருந்து இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். தெற்கிலிருந்து வருகிறவர்கள் 42ஆம் எக்ஸிட்டிலும், வடக்கிலிருந்து வருகிறவர்கள் 51ஆம் எக்ஸிட்டிலும் இறங்கிப் பழைய நெடுஞ்சாலை வழியே ஊருக்குள் வர வேண்டும். அங்கிருந்து கிழக்கே, மலையைப் பார்த்துப் போகும் தெருவின் கடைசியில் வண்டி நிறுத்துமிடம். வீடுகளுக்கு முன்னால் தெருவோரம் நிறுத்தாதீர்கள்.

ஊர் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டைவிட உயரம். வேகஸில் தார் உருகும் நாளிலும் இங்கே காலைக் காற்று சில்லென்று இருக்கும்.

காலுக்கு என்ன, உடம்புக்கு என்ன

காலுக்குப் போடுவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாத்ரூம் செருப்பு, கிராக்ஸ், வெறும் கால் எதுவும் ஆகாது. தண்ணீருக்குள் உருளும் கற்களின் மேல் மணிக்கணக்கில் நடக்கப் போகிறீர்கள். விரல் நுனி மூடியிருக்க வேண்டும், அடிப்பகுதி பாறையைப் பிடிக்க வேண்டும், கணுக்காலுக்குத் தாங்கல் இருந்தால் இன்னும் நல்லது. பழைய ஹைகிங் ஷூ இருந்தால் அதையே நனைய விடலாம். தண்ணீர் புகாத ஷூ வேண்டாம். மேல்பக்கமாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது, கால் கனத்துவிடும். ஜயான் பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில் ஓடை நடைக்கென்றே ஷூ, நியோப்ரீன் என்ற ரப்பர் மாதிரியான துணியில் செய்த சாக்ஸ், கைத்தடி மூன்றையும் சேர்த்து வாடகைக்குத் தருகிறார்கள். ஜயானும் போகப் போகிறீர்கள் என்றால் அங்கே எடுத்து இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த நியோப்ரீன் சாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் கோடையிலும் குளிர்தான். முதல் பத்து நிமிடம் பாதம் குத்தும், அப்புறம் மரத்துப் போகும். மரத்த கால் எந்தக் கல்லின் மேல் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லாது, அங்கேதான் வழுக்கி விழுகிறோம். சாக்ஸ் காலை நனையாமல் வைக்காது. நனைந்த தண்ணீரைக் காலோடு பிடித்து வைத்துச் சூடாக்கிவிடும். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அது இல்லாமல் சமாளிக்கலாம். மே மாதத்திலோ அக்டோபரிலோ போகிறவர்கள் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

உடையில் காட்டனும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். சீக்கிரம் காயும் அரைக்கால் சட்டை, மெல்லிய முழுக்கை மேல்சட்டை போதும். இடுக்குக்குள் வெயில் விழாது, அருவிச் சாரல் அடிக்கும், அங்கே போட ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை பையில் இருக்கட்டும். சுடிதார், துப்பட்டா, நீளப் பாவாடை எல்லாம் ஏணியில் மாட்டும்.

ஒரு தடி கட்டாயம். ஹைகிங் கம்பு இல்லை என்றால் நல்ல மரக்கம்பு போதும். பைக்குள் ஒரு தண்ணீர் புகாத உறை, அதற்குள் போன், கார் சாவி, ஒரு சாக்ஸ் ஜோடி. கார் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்காதீர்கள். இப்போதைய சாவிகளில் மின்சுற்று இருக்கிறது. ஆளுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் குடிதண்ணீர். நொறுக்குத் தீனி கொஞ்சம். கண்ணாடி பாட்டில் கொண்டுபோகக் கூடாது.

நடை: வெயில் பாதை

மொத்தம் போக வர ஏழெட்டு கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 200 மீட்டர். எண்ணைப் பார்த்தால் சின்ன நடை. ஆனால் தண்ணீருக்குள் ஒரு கிலோமீட்டர் தரையில் இரண்டுக்குச் சமம். நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் ஐந்து.

கிளம்பும் இடத்திலிருந்து முதல் பகுதி மண் சாலை. மெதுவாக ஏறிக்கொண்டே போகும், நிழல் கிடையாது. இங்கேதான் பலர் வேகமாக நடந்து களைத்துப் போகிறார்கள். காலை எட்டு மணிக்கு முன் தொடங்கினால் இது சுகமான நடை. பத்து மணிக்குத் தொடங்கினால் தொப்பி இல்லாமல் முடியாது. கொஞ்ச தூரத்தில் ஓடை குறுக்கே வரும். கல் மேல் கல்லாகத் தாவி ஷூ நனையாமல் கடந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். எப்படியும் நனையத்தான் போகிறது. தண்ணீருக்கு மேலே நிற்கும் கல் ஈரமாக, வழவழப்பாக, ஆடிக்கொண்டு இருக்கும். தண்ணீருக்குள் கிடக்கும் சரளைத் தரை உறுதியாக இருக்கும். முதல் கடவையிலேயே இறங்கி நனைந்துவிடுங்கள். மனசும் அதோடு தயாராகிவிடும்.

அதன்பின் பாதை ஓடையின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமாக மாறி மாறிப் போகும். எத்தனை முறை கடக்கிறோம் என்று எண்ண முடியாது. கரையில் மரநிழல் வரத் தொடங்கும். எந்தப் பக்கம் பாதை என்று குழப்பம் வந்தால் ஓடையிலேயே நடங்கள். கரையோரச் செடிகளை மிதித்துப் புதுப் பாதை போடுவதுதான் இந்த இடத்துக்கு நடந்த பெரிய கேடு. மண் அரித்து ஓடைக்குள் விழுகிறது.

ஓடைக்குள் நடக்கும் விதம்

சின்ன அடியாக வையுங்கள். தடியை முன்னால், தண்ணீர் வரும் பக்கமாக ஊன்றுங்கள். ஒரு காலை வைத்து, கல் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்து, அப்புறம்தான் எடையை மாற்ற வேண்டும். இரண்டு காலும் தடியும் சேர்ந்து மூன்று ஊன்றுகோல். எப்போதும் அதில் இரண்டு தரையில் இருக்கட்டும். கறுத்துப் பளபளக்கும் பாறையில் பாசி இருக்கும், அதில் கால் வைக்காதீர்கள். மணலும் சரளையும் வெளிர் நிறத்தில் தெரியும், அதுதான் உங்கள் வழி. தண்ணீர் நுரைத்து ஓடும் இடத்தில் அடி தெரியாது. பக்கத்தில் அமைதியாக ஓடும் இடம் இருந்தால் அங்கே போய்க் கடங்கள், கொஞ்சம் ஆழம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. பெரும்பாலும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில்தான் தண்ணீர் இருக்கும்.

குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைவிட, அவர்களுக்கு ஒரு சின்னத் தடி கொடுத்துவிட்டு நீங்கள் கீழ்ப்பக்கமாக, அதாவது தண்ணீர் போகும் பக்கமாக நடங்கள். வழுக்கினால் உங்கள் காலில்தான் வந்து நிற்பார்கள்.

இடுக்கும் முதல் அருவியும்

நடக்கத் தொடங்கி மூன்று கிலோமீட்டர் அளவில் சுவர்கள் நெருங்கும். மாற்றம் ஒரு சில அடிகளில் நடக்கும். வெளிக்காற்று நிற்கும், தண்ணீர்ச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி இரட்டிப்பாகும், உடம்பு சட்டென்று குளிரும். பாறையில் கை வைத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து வழவழப்பாகத் தெரிந்த சுவரில் மணல் துகள்கள் உள்ளங்கையில் ஒட்டும். அவ்வளவு மென்மையான கல். அதனால்தான் அதில் பெயர் செதுக்குவது சுலபம், அதனாலேயே செய்யக் கூடாது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வெளிச்சம் நன்றாக இருப்பது முற்பகலில். வெயில் நேராக உள்ளே விழாமல், மேல் சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குத் தெறித்து, அங்கிருந்து கீழே இறங்கும். அப்போது பாறை உள்ளிருந்து எரிவது மாதிரி ஆரஞ்சாக இருக்கும். நடுப்பகலில் வெயில் நேராக விழுந்தால் ஒரு பாதி வெள்ளையாக, மறுபாதி இருட்டாகப் படம் கெட்டுவிடும். படம் எடுக்கிறவர்கள் ஏணிக்கு எதிரே நடு ஓடையில் நின்று மற்றவர்களை மறிக்காமல், சுவரோரம் ஒதுங்கி நிற்பது நல்லது.

இடுக்கு முடியும் இடத்தில் அருவி. பெரிய பாறை ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு, அதன் ஓரமாகத் தண்ணீர் விழுகிறது. பக்கத்தில் ஏணி. முன்பு அடிமரத்தில் படி அடித்து வைத்திருந்தார்கள். பிறகு உலோகத்தில் செய்து வைத்தார்கள். வெள்ளம் வந்தால் இதுவும் வளையும், பெயரும். ஊர்க்காரர்கள் திரும்பச் சரிசெய்வார்கள். அதனால் ஏறும் முன் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அங்கேயே திரும்பிவிடலாம், பார்க்க வேண்டியதைப் பெரும்பாலும் பார்த்தாயிற்று.

ஏறும்போது தடியைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மடக்கிப் பையில் செருகுங்கள், இல்லாவிட்டால் கீழே உள்ளவரிடம் கொடுத்து அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள். முகம் ஏணியைப் பார்க்கட்டும். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். காலின் நுனியை வைக்காமல் நடுப்பாதம் படியில் பதியும்படி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான். மேலே இருந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் வழி விடுங்கள். சாரல் முகத்தில் அடித்துக் கண் மங்கும், கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம் தரும். குழந்தை இறங்கும்போது ஒரு பெரியவர் முதலில் இறங்கி, கீழே நின்று அதன் காலை ஒவ்வொரு படியாகப் பிடித்து வைக்க வேண்டும். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு இந்த ஏணியில் ஏறாதீர்கள்.

இரண்டாவது அருவி

ஏணி தாண்டினால் பள்ளத்தாக்கு கொஞ்சம் விரிந்து, மறுபடி நெருங்கும். வழியில் பெரிய பாறைகள், இடுப்பளவு தண்ணீர் தேங்கும் சில இடங்கள். மேலும் அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது அருவி. இங்கே கூட்டம் குறைவு. கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அதற்கு மேல் ஏற முயன்று கையும் காலும் உடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இதற்குள் இருந்து ஆளைத் தூக்கி வருவது லேசான காரியம் அல்ல. இந்த ஊர் இருக்கும் ஐயர்ன் கவுண்டி மாவட்டத்தின் மீட்புக் குழுவினர் அதே ஓடையில் நடந்து வந்து, அதே ஏணி வழியாகத்தான் இறக்க வேண்டும். செய்தி போய்ச் சேரவே மணிக்கணக்கு ஆகும். செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி உள்ள போன் வைத்திருந்தாலும், அதற்குத் திறந்த வானம் வேண்டும். இடுக்குக்குள் அதை நம்ப முடியாது. அதனால் எந்த நேரத்துக்குள் திரும்புவோம் என்று வெளியில் உள்ள ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

திரும்பும் வழியில் தண்ணீர் பின்னாலிருந்து முழங்காலைத் தள்ளும். களைப்பும் சேர்ந்திருக்கும். பெரும்பாலானவர்கள் விழுவது இந்தப் பாதியில்தான். இரண்டாவது அருவியில் பத்து நிமிடம் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். யாருக்காவது உதடு நீலமாகி, பேச்சு குழறி, நடுக்கம் நிற்காமல் இருந்தால் அங்கே தாமதிக்காமல் ஈரச் சட்டையை மாற்றி, வெயில் விழும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள்.

ஊரார் குடிக்கும் தண்ணீர்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் நடப்பது ஓர் ஊரின் குடிதண்ணீருக்குள். அதனால்தான் நாயைக் கூட்டிவர அனுமதி இல்லை. கழிப்பறை வேலையை ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே அவசரம் வந்தால், கழிவைச் சுமந்து வரும் பை கடைகளில் கிடைக்கிறது. ஒன்று பையில் இருக்கட்டும். டயப்பரைக் கல்லுக்குக் கீழே செருகிவிட்டு வருவதை நினைத்தும் பார்க்காதீர்கள். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம், அது நல்ல வழக்கம். ஆனால் டப்பாவை ஓடையில் கழுவாதீர்கள், கையையும் அதில் அலம்பாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் மிச்சத்தையும் மூடிய உறையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். அருவியைக் கண்டதும் குளிக்கத் தோன்றும். தலையை நனைத்துக்கொள்ளுங்கள், போதும்.

யார் வேண்டாம், வேறு எங்கே போகலாம்

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அவர்களை இந்த ஓடையில் இறக்காதீர்கள். அவர்களுக்கு ஜயானின் ரிவர்சைடு வாக் இருக்கிறது. ஆற்றை ஒட்டி ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் சமதளமாகப் போகும் தளமிட்ட பாதை, இரண்டு பக்கமும் பெரிய பாறைச் சுவர். அந்தப் பாதை முடியும் இடத்தில்தான் புகழ்பெற்ற நேரோஸ் நடை தொடங்குகிறது. நீங்கள் அங்கே ஆற்றில் இறங்கிக் கொஞ்ச தூரம் போய் வரும் வரை அவர்கள் கரையில் உட்கார்ந்திருக்கலாம். கீழிருந்து நடப்பதற்குப் பெர்மிட் வேண்டாம். ஆற்றின் நீர்வரத்து விநாடிக்கு 150 கன அடிக்கு மேல் போனால் பூங்காவே மூடிவிடும்.

கனாராவுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை என்றால், அதே மலையில் கொஞ்சம் தெற்கே ஸ்பிரிங் கிரீக் பள்ளத்தாக்கு இருக்கிறது. அருவி இல்லை, தண்ணீரும் பெரும்பாலும் கால் நனையும் அளவுதான், ஆனால் இடுக்கு அழகாக இருக்கும், ஆள் நடமாட்டம் குறைவு. பிரைஸ் பக்கம் போகிறவர்களுக்கு கேனன்வில் ஊருக்குத் தெற்கே வில்லிஸ் கிரீக். ஏணி கிடையாது, ஏற்றம் கிடையாது, நாலைந்து வயதுப் பிள்ளைகள்கூட நடப்பார்கள். அங்கே போகும் மண் சாலை மழை பெய்தால் சேறாகி வண்டி மாட்டும். வெள்ள எச்சரிக்கை இந்த மூன்று இடங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

வானம் கைவிட்ட நாளில் ஐ-15இன் 40ஆம் எக்ஸிட்டில் இறங்கி கோலோப் பகுதிச் சாலையில் காரிலேயே போய் வாருங்கள். எட்டு கிலோமீட்டர் மலைச் சாலை, அதன் கடைசியில் ஒரு சின்ன நடை. எதிரே வரிசையாக நிற்கும் செம்பாறை முனைகளுக்கு மேல் கருமேகம் கூடுவதை மேட்டில் நின்று பார்ப்பதும் நல்ல காட்சிதான். ஜயானுக்கு வாங்கிய நுழைவுச் சீட்டு இங்கேயும் செல்லும், எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.